மேல் தட்டு மெழுகுவர்த்தி

"அந்த மூணாவது மாடி ஜன்னல்தான்!" என்று விடுதியைக் காட்டிக் கத்தினான் தோரல். "ஓவிதியு கீழேருந்து கயித்துல செர்ரிக் கூடையைக் கட்டுவான், ஸ்மரண்டா மேலேருந்து இழுப்பா. ரெண்டாவது மாடிக்காரிங்க வழியிலேயே பாதியைத் தின்னு தீர்த்துடுவாளுங்க!"

திமிஷோவாரா பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்துத் தலை நரைத்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஸ்மரண்டாவும் சிரித்தாள். அவளுடைய சிநேகிதி லவீனியா மட்டும் ஜன்னலைப் பார்க்காமல் கைப்பையைத் துழாவினாள். படிப்பின் கடைசி வருடத்தில், சர்வாதிகார ஆட்சியிலிருந்து எல்லை தாண்டித் தப்பிக்க டான்யூப் ஆற்றில் குதித்தவன் ஓவிதியு. காவலர்கள் சுட்டார்கள், பிறகு தகவலே இல்லை, செத்துவிட்டான் என்றே எல்லோரும் நம்பினார்கள். அவனுக்கென்று நிச்சயமான ஸ்மரண்டா வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. போன வசந்தத்தில்தான், பாவி, கனடாவிலிருந்து லவீனியாவைப் போனில் கூப்பிட்டான். "அவகிட்ட சொல்லிடாத லவீனியா, எனக்குத் தெம்பில்ல." தெம்பில்லையாம்! அன்றிலிருந்து லவீனியாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. சொன்னால் ஸ்மரண்டா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தான் என்ன சிநேகிதி?

பழைய மாணவர் சந்திப்பில், விருந்துக்கு முன் விடுதிப் பக்கத்துத் தேவாலயத்தில் இறந்த சகமாணவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். முற்றத்துத் தகரப் பெட்டியில் மணல் பரப்பிய இரண்டு தட்டுகள். மேலே உயிரோடிருப்பவர்களுக்கு, கீழே இறந்தவர்களுக்கு. அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"நீயே வைடி, முட்டி வலி, என்னால குனிய முடியல" என்று ஓவிதியுவின் மெழுகுவர்த்தியை ஏற்றி நீட்டினாள் ஸ்மரண்டா.

லவீனியா குனிந்தாள். மூச்சு விட்டுக்கொண்டிருப்பவனைச் செத்தவர் வரிசையில் நடுவது அவனைக் குழிக்குக் கூப்பிடுகிற பாவம் என்றுதானே அவளை வளர்த்திருந்தார்கள். அவன்மேல் அத்தனை ஆத்திரம் இருந்தும் கை கீழே போகவில்லை. அதை மேல் தட்டில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணாடியப் போடு கிழவி!" என்றான் தோரல். "தட்டையே மாத்திட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்மரண்டா சிரிக்கவில்லை. லவீனியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், மற்றவர்கள் விருந்துக்கு நகர்ந்த பிறகு கேட்டாள்.

"எப்பலேருந்துடி தெரியும்?"

"வசந்தத்துலேருந்து. கனடாவுல இருக்கான். ஸ்மரண்டா, நான் எத்தன தடவ சொல்ல வந்தேன் தெரியுமா..."

"பிள்ளைங்க?"

"ரெண்டு."

ஸ்மரண்டா மேல் தட்டிலிருந்து அந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கினாள். தாங்கிப் பிடிக்க வந்த லவீனியாவின் கையைத் தட்டிவிட்டாள். தகரத்தைப் பற்றிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி மெல்ல மெல்லக் கீழே மண்டியிட்டு, அதைக் கீழ் மணலில் ஆழமாக அழுத்தினாள்.

காற்று வீசிச் சுடர் சாய்ந்தது. அணையவிடாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.