லோர்னா கேட்ட ஒரு துண்டு டோஸ்ட்

எல்லோரும் சுகம்தானே? உடம்பு எப்படி இருக்கிறது? மனசு எப்படி இருக்கிறது? இரண்டாவது கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை, அதனால் நானே கேட்டு வைக்கிறேன். இங்கே கோதுமை அறுவடை முடிந்துவிட்டது. லாரிகள் போன தூசி இன்னும் என் ஜன்னல் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. முழங்கால் வழக்கம்போலத்தான். அதை விடுங்கள், இன்று என் பக்கத்து வீட்டு லோர்னாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவள் புருஷன் மெர்விடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"எழுது ஐவி. இதைப் படிச்சு, தப்பு பண்ணப் போற ஒருத்தன் கையாவது நிக்கட்டும்" என்றார்.

பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும். லோர்னாவுக்கு நாக்கு நீளம். கிளப் புல்தரையில் பந்துருட்டும் ஆட்டத்தில் நின்றால் எதிர் அணிக்காரர்கள் அவள் கேலிக்குப் பயந்தே தப்பாக உருட்டுவார்கள். பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு குளிர்காலத்தில் அமைதியாகிவிட்டாள். முதலில் கிளப்புக்கு வரவில்லை. பிறகு கோயிலுக்கு வரவில்லை. பிறகு படுக்கையை விட்டே வரவில்லை.

ஊரெல்லாம் காரணம் தேடியது. மழை இல்லாததா, பண்ணையை விற்றதா, பிள்ளைகள் தூரத்தில் இருப்பதா என்று. ஒரு காரணமும் இல்லை. காரணம் இருந்தால் அழுதுவிட்டு எழுந்திருக்கலாமே.

"ஐவி, எனக்குள்ள விளக்கை அணைச்சிட்டு யாரோ வெளியே போயிட்டாங்க" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், கேட்கவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. இன்னும் ஒன்று. மெர்வ் தினமும் காலையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்பார்: "என்ன வேணும் லோர்னி? முட்டையா, கஞ்சியா?"

"ஏதோ ஒண்ணு."

மூன்று வருஷம் அந்த ஒரே பதில்தான். போட்டதைத் தின்பாள். ஆனால் இது வேண்டும் என்று எதையும் கேட்டதில்லை.

கடைசியில் நகரத்து மனநல டாக்டர், இப்போது அதிகம் யாருக்கும் கொடுக்காத பழைய வகை மாத்திரை ஒன்று இருக்கிறது, கேட்கும், ஆனால் சாப்பாட்டில் கடும் பத்தியம் என்றார். மெர்வுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அதனால் மருந்துக்கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரப் பெண் லின், எங்கள் இரண்டு பேரையும் ஓரமாக உட்காரவைத்துச் சொன்னாள்:

"நாள்பட்ட சீஸ் கூடாது. காயவெச்ச சாசேஜ் கூடாது. பப்ல குழாயில பிடிச்சுத் தர்ற பீர் கூடாது. சோயா சாஸ் கூடாது. சளி மாத்திரை, இருமல் மருந்து, எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான். அப்புறம், டோஸ்ட்ல தடவுறோமே அந்தக் கறுப்பு. அது கூடவே கூடாது."

அந்தக் கறுப்பு என்றால், ஈஸ்ட்டில் செய்கிற பூச்சு. தார் மாதிரி இருக்கும், உப்புக் கரிக்கும். இந்த நாட்டில் பல் முளைக்காத குழந்தைக்கும் அதைத்தான் விரலில் தொட்டு நாக்கில் வைப்போம்.

"கறுப்பா? போம்மா! காய்ச்சல் வந்தாலே எங்கம்மா அதைத்தான் குடுப்பா" என்றார் மெர்வ்.

"இந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்த அழுத்தம் கிடுகிடுன்னு ஏறிடும் மெர்வ். மூளையில குழாய் வெடிச்சிடும். மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரத்துக்கு இதே பத்தியம்தான்."

"நிறுத்துறதைப் பத்தி இப்ப ஏன் பேசுற? முதல்ல அது வேலை செய்யட்டும்."

லின் விடவில்லை, திரும்பவும் சொன்னாள். மெர்வ் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் இருந்த சீஸை நாய்க்குப் போட்டார். கறுப்புப் பாட்டிலை மட்டும் குப்பையில் போட மனசு வராமல் என் அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். தினமும் காலையில் லோர்னாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக என் சமையலறைக்கு வந்து, நின்றபடியே டோஸ்ட்டில் தடவித் தின்பார். பிறகு வாயைக் கொப்பளிப்பார்.

"என்ன மெர்வ், கள்ளத்தொடர்பா?" என்பேன்.

"சத்தம் போடாத. அவ மோப்பம் பிடிச்சிடுவா."

மாத்திரை கேட்டது. சட்டென்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் தானாகத் தலை சீவிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் மெர்வ் ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் திறந்தது.

"யோவ் கிழவா! செடி வெட்டுறியா, செம்மறியாட்டுக்கு மயிர் கத்தரிக்கிறியா?"

மெர்வ் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் துணி காயப்போட்ட இடத்திலேயே நின்று அழுதேன். "ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கிறீங்களே, செத்தது யாரு?" என்று அதற்கும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது நான் பார்த்ததில்லை. என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் மெர்வ் சொல்லித்தான் தெரியும்.

ஒரு காலையில் வழக்கம்போல, "என்ன வேணும் லோர்னி?" என்று கேட்டிருக்கிறார்.

"டோஸ்ட். வெண்ணெய் நிறைய, கறுப்பு லேசா. ஓரம் வரைக்கும் தடவணும், கஞ்சத்தனம் பண்ணாத."

மூன்று வருஷத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள். அதுவாகவா இருக்க வேண்டும்?

"அது மட்டும் வேணாம் தங்கம். லின் சொன்னதை உன்கிட்டச் சொன்னேனே, ஞாபகம் இருக்கில்ல?"

"சரி, விடு. ஏதோ ஒண்ணு குடு."

அந்த "ஏதோ ஒண்ணு" மெர்வை உலுக்கிவிட்டது. திரும்பவும் அந்த இருட்டுக்கே போய்விடுவாள் என்று பயந்துவிட்டார். நாளெல்லாம் யோசித்திருக்கிறார். ஆயுளெல்லாம் ஆடு வளர்த்தவர். ஆட்டுக்குப் பூச்சி மருந்து புகட்டினால் இடைவெளி விட்டுத்தான் கறிக்கு அனுப்புவார்கள். அதே மாதிரி இதற்கும் இடைவெளி விட்டால் போதும் என்று தோன்றியிருக்கிறது. அன்று ராத்திரி மாத்திரையைக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் கொடுக்கவில்லை. இங்கே யாரும் பின்கதவைப் பூட்டுவதில்லை. என் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துப்போய் ஓரம் வரைக்கும் தடவிக் கொடுத்திருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு தின்றாளாம். பல்லெல்லாம் கறுப்பு. சிரித்துக்கொண்டே தட்டை நீட்டி, "இன்னொண்ணு" என்றாளாம்.

இன்னொன்றும் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் கழுவும்போது பிடரியைப் பிடித்துக்கொண்டாள். "மெர்வ், பின்மண்டையில சுத்தியல் வெச்சு அடிக்குது." முகமெல்லாம் வேர்வை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. படுக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, சந்தேகத்துக்கு லின்னுக்குப் போன் போட்டார்.

"என்ன சாப்பிட்டாங்க?"

"ஒரு நாள் மாத்திரை குடுக்கலைம்மா, அப்புறம்தான்..."

"மெர்வ், போனை வெச்சிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. படுக்கவெச்சுப் பாக்கிறதெல்லாம் வேணாம். என்ன தின்னாங்கன்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க."

மறைக்காமல் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது, விமானத்தில் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது.

உயிர் இருக்கிறது. வலது கை, வலது காலில் அசைவு இல்லை. பேச்சு இல்லை. அந்த மாத்திரையும் இனி கிடையாது, அவளுக்கு அது ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். முன்பு கேட்காத மாத்திரைகளில் ஒன்றைத் திரும்பக் கொடுக்கிறார்கள். அது அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. உள்ளே விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தத் தடவை அதைச் சொல்ல வாயும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெர்வ் தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "ஆட்டுக்கு மருந்து புகட்டினா எத்தனை நாள் நிறுத்தி வைக்கணும்னு டப்பாவில போட்டிருப்பான். ஒரு நாள் குறைச்சதில்ல ஐவி, ஒரு ஆட்டுக்குக்கூட. என் பொண்டாட்டிக்கு அந்தப் பொண்ணு ரெண்டு தடவை வாயால சொல்லிச்சு."

"ஆசையாத்தானே குடுத்தீங்க."

"அதைச் சொல்லாத. அதைச் சொன்னா எனக்கு வாந்தி வருது."

இப்போது நான் தினமும் போய் லோர்னாவைக் குளிப்பாட்ட உதவுகிறேன். மெர்வ் கஞ்சியோடு கட்டில் ஓரம் உட்கார்ந்து இன்னமும் கேட்கிறார், "என்ன வேணும் லோர்னி?" அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கரண்டி வந்தால் வாய் திறக்கிறது. அவ்வளவுதான். என் வீட்டுக்கு டோஸ்ட் தின்ன அவர் வருவதில்லை. வாங்க என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

மாத்திரை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளைக் கொஞ்ச நாளாவது திருப்பிக் கொண்டுவந்தது அதுதான். உங்கள் வீட்டில் யாராவது மனசுக்கு மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக ஒரு வேளை தள்ளிப்போடாதீர்கள். பத்தியம் சொன்னால் அது எத்தனை நாள் என்று கேட்டு, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு போன் போதும். டோஸ்ட் தடவுவதற்கு முன்னால் அந்தப் போனைப் போட்டிருந்தால், லோர்னா இன்று என் முழங்காலைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து உங்கள் ஆள் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு, அது கொடுக்கக்கூடாததாக இருந்தபோது, என்ன வார்த்தை சொல்லி மறுத்தீர்கள்? அவர்கள் முகம் திரும்பாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? எழுதுங்கள். மெர்வுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன், அவர் தாங்க மாட்டார். வேறு ஒரு வீட்டில் வேறு ஒரு மெர்வ் இந்நேரம் ரொட்டியை அறுத்துக்கொண்டிருப்பார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.