படகுப் பெட்டியில் ஒரு பாஸ்போர்ட்

1

இந்தக் கதை, பொய் எழுத மறுத்த ஒரு பெண்ணால் எனக்குக் கிடைத்தது. அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காரைக்கால் தலத்தெருவில் ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டுத் தருவேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். பிப்ரவரியில் ஒரு நாள் சந்திரா வந்தாள். மீனவக் குடும்பம், நாற்பத்தொரு வயது. அவளுடைய பாஸ்போர்ட்டை அண்ணன் மணிவேல் எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான். என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு புதுசா வாங்கிடலாம்மா."

"தொலையலயே சார். யாருகிட்ட இருக்குன்னு தெரியுதுல்ல. நான் ஏன் பொய் எழுதணும்?"

எழுந்து போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அலை ஓயாத கடற்கரையில், கண்ணீர் ஓயாத ஒரு பெண்—"

(அடித்துவிட்டேன். என் கடையில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "தன் நாட்டை விட்டுப் போகவும், திரும்பி வரவும் எல்லாருக்கும் உரிமை உண்டென்று மனித உரிமைப் பிரகடனத்தின் பதின்மூன்றாம் பிரிவு—"

(உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவில் அண்ணன்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.)

பின்னால் தெரியவந்ததையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். தெரியாத இடத்தை மட்டும் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

3

சந்திரா குவைத்தில் ஒரு வீட்டில் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். போய் இறங்கிய அன்றே வீட்டுக்காரி அவள் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இரண்டாம் வருஷம் ஊரில் அம்மா செத்துப்போனாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. மணிவேல் போனைப் பிடித்துக் காட்ட, அதில்தான் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள். குவைத் வீட்டுச் சமையலறையில் அவள் கதறியதை மணிவேலும் இந்தப் பக்கமிருந்து பார்த்தான்.

வேலை முடிந்து அவள் ஊர் திரும்பியதும், அவள் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டான். பத்திரமாக இருக்கட்டும் என்றான். அவளும் நம்பினாள். குவைத்தில் பழகிய ஷரீபுன்னிசா இப்போது மஸ்கட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே பாஸ்போர்ட் நம்ம கையில்தான் இருக்கும், மாதம் முடிவதற்குள் அதன் நகலை அனுப்பு, உனக்கும் வேலை உண்டு என்று சொன்னாள். அப்போதுதான் சந்திரா அண்ணனிடம் கேட்டாள்.

"அங்க பட்டது பத்தாதா? பெத்தவ சாவுக்கே வரமுடியாமப் போனவ நீ," என்றான் மணிவேல்.

"அன்னைக்கு அது என் கையில இருந்திருந்தா வந்திருப்பேன்ணே. இன்னைக்கும் என் கையில இல்ல."

அவன் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

(மணிவேலைக் கெட்டவனாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவன் பயந்துபோனவன். தங்கை அப்படிக் கதறுவதைப் பார்த்த எந்த அண்ணனும்— சரி, வக்காலத்து வாங்குகிறேன். போதும்.)

4

பீரோ, அரிசி டின், சாமி படத்துக்குப் பின்னால் என்று வீட்டில் அவள் தேடாத இடமில்லை. ஒருநாள் காலை கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, மணிவேலோடு கடலுக்குப் போகிற முத்தையன் சிரித்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"கடல்ல போலீசு வந்து மீனவர் கார்டு செக் பண்ணாங்க. ஒங்கண்ணன் டப்பாவத் தொறந்து எல்லாத்தையும் நீட்டுது, நடுவுல ஒம் மூஞ்சி போட்ட பாஸ்போட்டு. யாருப்பா இது, இதுவும் மீன் பிடிக்க வருதான்னு கேக்குறாங்க."

மணிவேலின் பைபர் படகில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று உண்டு. மீனவர் அட்டைகளும் படகின் காகிதங்களும் அதில்தான் இருக்கும். அதற்கு அவன் பூட்டுக்கூடப் போடவில்லை. அந்தக் கரையில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. கூடை சுமக்கலாம், ஏலம் கேட்கலாம், கீழே நின்று படகுக்குப் பொட்டு வைக்கலாம். ஏறக் கூடாது.

(மூன்று வாரமாக அவளைக் கரையில் விட்டுவிட்டு அவள் பாஸ்போர்ட் மட்டும் கடலுக்குப் போய் வந்திருக்கிறது. நானாகக் கற்பனை செய்திருந்தால், ரொம்ப ஓவர் என்று அடித்திருப்பேன்.)

சந்திரா கூடையைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகை நோக்கி நடந்தாள். ஏலம் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. விளிம்பைப் பிடித்து ஏறினாள்.

"சந்திரா, எறங்கு," என்றான் மணிவேல்.

"எறங்கத்தான் போறேன். என் சாமான எடுத்துக்கிட்டு."

பெட்டியைத் திறந்து தன்னுடையதை மட்டும் எடுத்தாள். மற்றவற்றை ஒழுங்காக அடுக்கி, தண்ணீர் புகாதபடி மூடியை இறுக அழுத்தி மூடினாள். அதற்குள் கூட்டத்தில் யாரோ, இனி இந்தப் படகுக்கு மீன் படுமா என்று முணுமுணுத்தார்கள்.

"படலன்னா என்னயக் கேளுங்க. போன் நம்பர் குடுத்துட்டுத்தான் போவேன்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

5

முடிவு அ: சந்திரா மஸ்கட் போனாள், நிம்மதியாக—

(எனக்கு எப்படித் தெரியும்?)

முடிவு ஆ: விமான நிலையம் வரை போனவள், அண்ணன் முகம் நினைவுக்கு வர, கண் கலங்கித் திரும்பி—

(என் மனைவி கிறிஸ்டி இதைப் படித்துவிட்டு, "ஏங்க, அவ அண்ணன் பாஸ்போர்ட்டப் பெட்டியில வச்சான், நீங்க அவளயே நோட்டுல வைக்கிறீங்களா?" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது. தாளைக் கிழித்துப் போட்டேன்.)

6

விசா வந்துவிட்டது. நாளை சந்திரா கிளம்புகிறாள். இன்று காலை மணிவேல் என் கடைக்கு வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"சார், எனக்கு ஒரு பாஸ்போட்டு எழுதணும்."

"நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் போவல. அவளுக்கு ஒண்ணுன்னா நான் போய் நிக்கணும்ல. அம்மாவப் போன்ல காட்டுன மாதிரி இவளயும் போன்ல பாக்க என்னால ஆவாது."

தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்ற இடம் வந்தது. சந்திரா என்றான். முகவரி கேட்டேன்.

"இங்கத்தியதா சார், அங்கத்தியதா?"

எனக்கும் தெரியவில்லை. அவளையே கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறான். விண்ணப்பத்தை அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன்.

அவன் வருவதற்குள் அந்தக் கட்டத்தை நீங்கள் நிரப்பிப் பாருங்கள். மஸ்கட் என்று போட்டால், ஊரை மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். காரைக்கால் என்று போட்டால், தோற்று வந்தாள் என்று நினைக்காதீர்கள். எதைப் போட்டாலும் சரி, பாஸ்போர்ட்டை மட்டும் அவள் கையிலேயே விட்டுவிடுங்கள்.