இருபத்தாறு நாள் கைதட்டல்

ஏழாம் ஆண்டு வட்டாரப் பெண்கள் சாதனை விருது விழாவில் எழுந்த கைதட்டல் இருபத்தாறு நாட்கள் நீடித்தது. கூட்டம் அன்று மாலை ஆறரை மணிக்கே கலைந்துவிட்டது. நாற்காலிகளை மடக்கி அடுக்கி, மைக்கைக் கழற்றி உறைக்குள் போட்டு, மண்டபக் காவலாளி கதவைப் பூட்டிய பிறகும் உள்ளே கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆட்கள் இல்லை, கைதட்டல் மட்டும் இருந்தது. முதலில் மழை என்று நினைத்து வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்ததாகவும், கை நனையாததால் மறுபடி உள்ளே போனதாகவும் காவலாளி நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தில் இருக்கிறது.

விழாவை நடத்தியவள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் அவளுக்குச் 'சரிபார்ப்பு அக்கா' என்று பெயர். விழா நடத்தும் சம்பளமில்லாத வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள், சம்பளக்காரர்கள் வெட்கப்படும்படி செய்தாள். ஒரு விழா எப்படி நடக்கிறது என்பது பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. நூலகம், மருத்துவமனை, பேருந்துப் பணிமனை என்று பத்தொன்பது இடங்களில் பரிந்துரைப் படிவம் வைக்க வேண்டும். ஒவ்வொரு படிவத்திலும் அந்தப் பெண்ணின் வேலையை நேரில் கண்ட இருவராவது கையெழுத்திட வேண்டும். பிறகு இரண்டு தன்னார்வலர்கள் தனித்தனியாக, வெவ்வேறு வாரங்களில் போய் விசாரிப்பார்கள். ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்கக் கூடாது. தேர்வான பெண்களை அக்காவே தொலைபேசியில் அழைத்து, அவர்கள் வாயாலேயே அவர்கள் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்வாள். மேடையில் பெயர் தப்பாக ஒலித்தால் கேடயம் கொடுத்தும் பயனில்லை என்பது அவள் கட்சி. மேடைக்கு இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்க வேண்டும், அப்போதுதான் இருவர் முட்டிக்கொள்ள மாட்டார்கள். பேச ஒருவருக்குத் தொண்ணூறு விநாடி. நேரம் தாண்டினால் அக்கா மணி அடிக்க மாட்டாள், மேடையோரம் மெல்ல எழுந்து நிற்பாள். அதுவே போதும்.

இதில் நான்காம் விதி என்று ஒன்று இருந்தது. விழா நடத்துபவர்களின் உறவினர்கள் விருதுக்குத் தகுதியற்றவர்கள். முதல் ஆண்டு யாரோ தேநீர்க் கடையில், "அவங்க அவங்க வீட்டாளுக்கே குடுத்துக்குவாங்க, நமக்கென்ன" என்று சொன்னது காதில் விழுந்த அன்றே அக்கா அதை எழுதிச் சேர்த்தாள். இரண்டாம் ஆண்டு, வழக்கமாக இரண்டு மூன்று கையெழுத்தோடு வரும் படிவங்களுக்கு நடுவே நாற்பத்து மூன்று கையெழுத்தோடு ஒன்று வந்தது. மேட்டுத் தெரு மொத்தமும் கையெழுத்திட்டிருந்தது. பரிந்துரைக்கப்பட்டவள் அக்காவின் உடன்பிறந்த தங்கை. அக்கா படிவத்தை முழுவதும் படித்தாள், இன்னொரு முறை படித்தாள், 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தி, விதிப்படி ஒரு நகலைத் தங்கைக்குத் தபாலில் அனுப்பினாள். தங்கை வீடு அடுத்த தெருவில் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் தங்கை வந்து வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள். "நீயே வந்து சொல்லியிருக்கலாம்லக்கா. எத்தனை அடி தூரம்?" அதன் பிறகு இருவரும் பேசாமல் இருந்துவிடவில்லை, அதைவிட மோசமாகப் பேசிக்கொண்டார்கள். மாத்திரை, மின்வெட்டு, யார் வீட்டுச் சாவி யாரிடம் என்கிற அளவுக்குப் பேச்சு சுருங்கியது. ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின.

தங்கை நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுபவள். ஊர் அவளை வால்வுக்காரி என்றது. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தாலும் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது. தாழ்ந்த தெருக்களே அத்தனையையும் குடித்துவிடும், மேட்டுக்கு வெறும் காற்றுதான் ஏறும். ஆகவே நாற்பத்தோரு வால்வுகளை ஒரு வரிசைப்படி திறந்து மூட வேண்டும். வரிசையைப் பொறியாளர்கள் காகிதத்தில் கொடுத்திருந்தார்கள். விருது தொடங்கிய ஆண்டு வந்த பெரிய வறட்சியில் அந்தக் காகிதம் பொய்த்தது. அப்போது வால்வுக்காரி வால்வைத் திருகும் தன் இரும்புச் சாவியின் தலையில் காதை வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே நிறைகிறது எங்கே காய்கிறது என்று நான்கு மாதம் கேட்டாள். கீழ்த்தெரு வால்வுகள் இரண்டை நாற்பது நிமிடம் கால்பங்கு மட்டும் திறந்து வைத்தால், குழாய் முழுக்க நிறைந்து, தண்ணீர் தானாக மேட்டில் ஏறுவதைக் கண்டுபிடித்தாள். மேட்டின் உச்சியில் பிரசவ மருத்துவமனை இருந்தது.

ஏழாம் ஆண்டு விருது பெற்றவர்களில் அந்த மருத்துவமனையின் செவிலியும் ஒருத்தி. தொண்ணூறு விநாடியில் அவள் தன்னைப் பற்றிப் பத்து விநாடிதான் பேசினாள். வறட்சி ஆண்டில் தன் கைகளில் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் பிறந்ததையும், ஒரு நாள்கூடக் கைகழுவத் தண்ணீர் இல்லாமல் போகவில்லை என்பதையும் சொன்னாள். "அந்தத் தண்ணியை மேல ஏத்தினவங்க இந்த ஊர்லதான் இருக்காங்க. இங்க உக்காந்திருந்தா எந்திரிச்சு நில்லுங்கம்மா, உங்க முகத்தைப் பாக்கணும்" என்றாள். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. எழுந்து நிற்க வேண்டியவள் மட்டும் அங்கே இல்லை. அவளுக்கு அழைப்பிதழ் போகவில்லை, அந்த நேரம் அவள் கோபுரத் தெருவில் வால்வுக் குழிக்குள் குனிந்திருந்தாள். அக்கா மேடையோரம் பட்டியலோடு நின்றிருந்தாள். ஒரு சொல் சொன்னால் போதும். அவள் பட்டியலைப் பார்த்தாள், அடுத்த பெயரை வாசித்தாள். கைதட்டல் தங்கிவிட்டது அப்போதுதான்.

முதல் வாரம் ஊர் அதை வேடிக்கை பார்த்தது. சதுரங்கப் போட்டிக்கு மண்டபத்தை எடுத்தவர்கள் அரை நாளில் ஓடிப்போனார்கள், ராணியைப் பறிகொடுத்தவனுக்கும் கைதட்டல் கிடைத்ததாம். இரண்டாம் வாரம் கைதட்டல் பருத்தது. கதவிடுக்கில் காது வைத்தால் பதினான்காம் வரிசையில் யாரோ தாமதமாகத் தட்டுவதுகூடத் தனியாகக் கேட்டது. பன்னிரண்டாம் நாள் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. பதினெட்டாம் நாள் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்தது. இருபத்தாறாம் நாள் மாலைக்குள் கைதட்டலை அகற்றாவிட்டால் மண்டபத்துக்கு நிரந்தரப் பூட்டு என்றும், இனி விருது விழாவுக்கு ஊரில் இடமே கிடையாது என்றும் நகராட்சி கடிதம் அனுப்பியது.

அக்கா தனக்குத் தெரிந்த முறையில் எல்லாம் முயன்றாள். அந்த ஆண்டு விருது பெற்ற ஏழு பெண்களையும் வரவழைத்து ஒவ்வொருவராக மேடையில் நிறுத்தினாள். கைதட்டல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒலிபெருக்கிக்காரர் மின்கம்பிகளை எல்லாம் கழற்றிப் பார்த்தார். காவலாளிதான் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இது விலாசம் தெரியாம நிக்கிற தபால் மாதிரி இருக்கு. உங்களுக்கு விலாசம் தெரியும்னு தோணுது." அக்கா அவரைத் திட்டவில்லை. அதிலிருந்தே காவலாளி புரிந்துகொண்டார்.

இருபத்தாறாம் நாள் நண்பகலில் அக்கா கோபுரத் தெருவுக்குப் போனாள். தங்கை குழி மூடியைத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, ஆளுயரச் சாவியை இறக்கித் திருகிக்கொண்டிருந்தாள்.

"மண்டபத்துல நிக்கிறது உனக்கு வந்தது" என்றாள் அக்கா.

"தெரியும். நர்ஸம்மா மறுநாளே விசாரிச்சுக்கிட்டு வந்து சொல்லிட்டாங்க."

"அப்போ ஏன் வரல? கூரையே விழப்போகுது."

"கூப்பிடலையே" என்றாள் தங்கை, திருகுவதை நிறுத்தாமல்.

அக்கா குழியருகே குனிந்தாள். பிறகு, "இப்ப கூப்பிடுறேன். நானே வந்துதான் கூப்பிடுறேன்" என்றாள்.

"இந்தத் தெரு முடியட்டும். அந்த மூடி சரியுது பாரு, பிடிச்சுக்கோ."

அக்கா மூடியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றாள். தங்கையின் வேலையை அவள் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. சாவி பதினெட்டரைச் சுற்று சுற்றியது, கடைசி மூன்று சுற்று மட்டும் ஒன்றுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டதற்குத் தங்கை விளக்கினாள். ஓடி வருகிற தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அது திரும்பிப் போய்க் குழாயையே அடிக்கும், இரும்பும் வெடிக்கும். உங்கள் மண்டபத்தில் நடப்பதும் அதுதான், வழி விடாமல் கதவையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

இருவரும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. அக்கா மைக்கைப் பொருத்தச் சொன்னாள். கையில் பட்டியல் இல்லை, அந்த நாற்பத்து மூன்று கையெழுத்துப் படிவம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. மடக்கி அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்து, வறட்சியிலிருந்து தொடங்கி, சாவித் தலையில் காது வைத்தது, கால்பங்கு திறந்தது, நாற்பது நிமிடம் என எதையும் விடாமல் சொன்னாள். முடிவில், "இவ என் தங்கச்சி. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னது நான்" என்றாள். கைதட்டல் கூரையிலிருந்து இறங்கித் தங்கையின் பக்கம் திரும்பியது. அவள் தலைமுடி பறந்தது, சட்டை உடம்போடு ஒட்டியது. கைகளைத் தொங்கவிட்டு, சேற்றுக் காலணியோடு, முழுதாகப் பதினோரு நிமிடம் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அக்கா அழுதாள்.

பிறகும் அது தீரவில்லை. இருபத்தாறு நாள் வளர்ந்தது ஒரு ஆளுக்குத் தாங்காது. "எனக்கு வேண்டியது வந்துடுச்சுக்கா. மிச்சத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? என் வீடு ரெண்டு ரூம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஜன்னல்களை எண்ணினாள். பன்னிரண்டு. எந்த ஜன்னல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்று கேட்டறிந்து, தூரத்துத் தெருக்களுக்கு முதலில், கால்பங்கு மட்டும், மெதுவாகத் திறக்கச் சொன்னாள். உயரத்து ஜன்னல்களை இழுத்துத் திறக்கும் கயிற்றை அக்கா பிடித்தாள். "விடு, விடு, போதும், நிறுத்து" என்று தங்கை சுவரில் காதை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, மூன்று மணி நேரத்தில் மண்டபம் காலியானது. அன்று மாலை மேட்டுத் தெருவில் படுக்கையிலிருந்து தகப்பனைத் தூக்கி உட்கார வைத்த ஒரு மகளைச் சுற்றிக் கைதட்டல் கேட்டது. பள்ளிக்கூடக் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தவள் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தையல் கடையில் பொத்தான் துளை அடித்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை நிறுத்தினாள், யாருக்கோ என்று நினைத்து மறுபடி மிதித்தாள், கைதட்டல் அவளை விட்டு நகரவில்லை.

எட்டாம் ஆண்டு அறிவிப்பு வந்தபோது நான்காம் விதியை நீக்கிவிடலாம் என்று குழுவினர் சொன்னார்கள். அக்கா ஒப்பவில்லை. விதி சரி, அதன் பின்னால் தான் ஒளிந்ததுதான் தவறு என்று சொல்லி, ஏழாண்டுக் கோப்புகளையும் செவிலியிடம் ஒப்படைத்துவிட்டு விலகினாள். ஒரு வாரம் கையில் வேலை இல்லாமல் வீட்டுக்குள் நடந்தாள். பிறகு நூலகத்துக்குப் போய் ஒரு படிவம் எடுத்து, தங்கை பெயரை எழுதி, 'வேலையை நேரில் கண்டவர்' என்ற இடத்தில் தானும் கையெழுத்திட்டாள். விசாரிக்க வந்த தன்னார்வலர் எப்போது கண்டீர்கள் என்று கேட்டதற்கு, நாளையும் நேரத்தையும் சொல்லி, பதினெட்டரைச் சுற்று என்றும் சேர்த்துச் சொன்னாள். தங்கை அந்த ஆண்டு கேடயம் வாங்கினாள். தொண்ணூறு விநாடியில் எட்டு விநாடிதான் எடுத்துக்கொண்டாள். "தண்ணி வந்துட்டா யாரும் வால்வை நினைக்க மாட்டாங்க. அப்படித்தான் இருக்கணும். இருந்தாலும் கூப்பிட்டதுக்கு நன்றி."

அன்று முதல் ஒவ்வொரு விழாவிலும், மேடைக்கு வராதவர்களுக்கென்று கொஞ்சம் கைதட்டல் மண்டபத்தில் மிஞ்சுகிறது. அதை விழாவுக்கு அடுத்த ஞாயிறு தெருவாரியாகத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் நேரப் பட்டியலின் கீழேயே நகராட்சி அதையும் அச்சடிக்கிறது: மேட்டுத் தெரு, நான்கு மணி, கோபுரத் தெரு, நான்கு இருபது. தாமதமானால் மக்கள் குடிநீர்ப் புகார் எண்ணுக்கே அழைக்கிறார்கள். தங்கைதான் எடுப்பாள். "அக்கா இப்பத்தான் ஆறாவது ஜன்னல்கிட்ட போறாங்க. முட்டி வலி, மெதுவாத்தான் நடப்பாங்க. பத்து நிமிஷம் பொறுங்க" என்பாள். பத்து நிமிடத்தில் வந்துவிடும்.