பதினாலு கனைப்பு

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் சத்தம் எங்கள் வீட்டில் எதிலும் பதிவாகவில்லை. போன் வந்தால் எடுத்து அம்மாவிடம் நீட்டிவிடும் ரகம் அவர். "ஒரு தும்மல் இருந்தாக்கூடப் போதும்டி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். ரேடியோ நிலையத்தில் பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து சம்பளம் வாங்குகிறவள் நான். என் வீட்டுக்கு ஒரு தும்மல் இல்லை.

அப்பா பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஒருமுறை, வரவேண்டிய ஆள் வராததால், உலகமே கொண்டாடிய ஒரு பியானோ மேதைக்கு மேடையில் அருகே உட்கார்ந்து இசைக்குறிப்புப் புத்தகத்தின் பக்கம் திருப்பினார். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போனது. கச்சேரியின் பதிவு தொலைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

போன மாதம் அது என் மேஜைக்கு வந்தது, வேறு யாரோ பெயர் ஒட்டிய டப்பாவில். முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படி வாசிக்க இன்னொருவர் பிறக்கவில்லை. டேப் இற்றுப்போயிருந்தது, ஒரு தடவை ஓடியதும் பூச்சு உதிர்ந்து வெறும் நாடா மிஞ்சியது. கம்ப்யூட்டரில் ஏறியதை நான்கு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். இரைச்சலை எடுத்தேன், நாற்காலியின் கிறீச்சை எடுத்தேன். முன்வரிசையில் ஏதோ ஒரு சனியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தது, பதினாலு தடவை. திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக நீக்கினேன். சுத்தமான பிரதியை ஒப்படைத்ததும் பழையதை அழித்துவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அழித்தேன்.

அப்பா இருந்த மேடையையாவது கேட்கட்டுமே என்று அம்மாவுக்குப் போட்டேன். கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"உங்கப்பா எங்கடி?"

"பக்கம் திருப்பறவர் பேசுவாராம்மா?"

"பேச மாட்டாரு, கனைப்பாரு. பயந்தா அப்படித்தான். உனக்குத் தெரியாது, உன் முன்னாடி அவர் பயத்தைக் காட்டினதே இல்ல. அன்னிக்குப் பக்கத்துக்கு ஒண்ணா கனைச்சிருக்காரு. அதனாலதான் மறுபடி கூப்பிடல."

பதினாலு தடவை. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எந்தெந்த இடம்னு ஞாபகம் இருக்கா?"

எல்லாமே ஞாபகம் இருந்தது. மறுபடி போட்டேன். முதல் இடம் வந்ததும் விரலைத் தூக்கினேன். அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்தாள். ஒரு பிசிறுகூட இல்லை. அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருந்தேன்.