போகாத பால் கறை

என் புருஷனுக்கு என்னைத் தவிர எல்லாரையும் தெரிந்தது. பலாமரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய மனிதர், மகள் சுகந்தினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு நாயைக்கூடத் தட்டிக்கொடுத்தார். என்னை மட்டும் கடைத்தெருவில் பார்த்த யாரோ போல "நோனா" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் 'புள்ள' என்று அதட்டின வாய். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நினைவு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஒரு நாள் விடாத மழை. காய்ந்த சேலை வேறு இல்லாததால் பெட்டிக்கு அடியில் கிடந்த நீலச் சேலையைக் கட்டினேன். கல்யாணமான புதிதில் அவரோடு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போய், வாளியை மேலே கவிழ்த்துக்கொண்ட சேலை. முந்தானையில் இன்னும் கறுத்த கறை. அன்றைக்கு அவர் ஓடையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் போட்டுக் கசக்கினார். கடைசியில் தோற்றுப்போய்ச் சிரித்தார்.

சுகந்தினி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதியபடி ஒரே இங்கிலீஷ் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'இன்டெலிபிள்.' என்னடி அது என்றேன். அழிக்கவே முடியாத நினைவை அப்படிச் சொல்வார்களாம். மைக்கும் கறைக்கும்கூட அதே சொல்தானாம். லத்தீனில் 'டெலேரெ' என்றால் அழிப்பது, முன்னால் 'இன்' வந்தால் முடியாது என்று அர்த்தம்.

"போன்ல டிலீட் பண்றோமேம்மா, அதுவும் இதே வேர்தான்" என்றவள், தப்பாக எழுதினதை ரப்பரால் அழித்தாள்.

நான் அந்த ரப்பரையே பார்த்தேன். அழிக்கிற ரப்பரும் நாங்கள் வெட்டுகிற மரத்துப் பால்தான். அழியாத கறையும் அதே பால்தான். நாள் தவறாமல் கையில் ஒட்டினதை ஒருநாளும் இப்படி நினைத்துப் பார்த்ததில்லையே! எந்தக் காலத்து லத்தீன்காரனோ, எங்கள் மலையைப் பார்த்தா அந்தச் சொல்லைச் செய்தான்?

அந்த நினைப்போடு அவருக்குத் தேத்தண்ணி வைக்கக் குனிந்தேன். முந்தானை சரிந்து அவர் மடியில் விழுந்தது. எடுத்துக் கொடுப்பார், 'நோனா' என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் கறையைப் பெருவிரலால் தேய்த்தார். பிறகு தமிழில் பேசினார்.

"இது போவாது, புள்ள. மண்ணெண்ணெ போட்டும் போவலியே."

சுகந்தினி புத்தகத்தை மூடினாள். 'நான் யாருன்னு தெரியுதா' என்று கேட்க வாய்வரை வந்தது. பயத்தில் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பெருவிரல் மட்டும் கறையின் மேல் போய்வந்துகொண்டிருந்தது. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. நான் குனிந்தபடியே நின்றேன்.