காற்று நுழையாத ஒட்டு

கடிகாரம் பழுதுபார்ப்பவன் தன் மனைவியை முதல் தடவை அறைந்த அன்று, அவன் நெஞ்சில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. ரத்தம் வரவில்லை, வலிக்கவும் இல்லை. அதன் வழியாகப் பார்த்தால் பின்சுவரில் தொங்கிய நாட்காட்டியில் தேதி தெரிந்தது. பதினேழு. அந்த வருடம் ஊரில் பலருக்கும் இப்படி விழுந்துகொண்டுதான் இருந்தது. பொய்ச்சாட்சி சொன்னவனுக்குத் தொண்டையில், மாமனாரைப் பட்டினி போட்டவளுக்கு உள்ளங்கையில், வேலைக்காரியின் மேல் கொதிநீரை ஊற்றியவருக்கு வயிற்றில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அதிகாரிகள் மட்டும் கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் நடமாடினார்கள்.

ஏதோ ஒன்று உள்ளே புகுந்து குடைகிறது என்றார் பிரசங்கியார். அதைப் பிடித்து இழுத்துவிட இடுக்கியும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். கல்லூரியில் தத்துவம் நடத்தும் வாத்தியார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எதுவும் புகவில்லை, இருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கிறது, தீமை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, நன்மை இல்லாத இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்றார். இருவரும் மல்லுக்கு நின்ற இடம் கடிகாரக்காரனின் மாமியாருடைய தையல் கடை. ஓட்டை விழுந்தவர்களெல்லாம் ஒட்டுப் போட்டுக்கொள்ள அங்கேதான் வந்து குவிந்தார்கள்.

"ஊசிக்குக் காது இருக்கேம்மா, அது ஒரு பொருளா? ஒண்ணும் இல்லாத இடம்தானே?" என்று வாத்தியார் தையல்காரியைக் கேட்டார்.

"சரிங்க சார். அந்த ஒண்ணும் இல்லாததுதான் என் பொண்ணுக்கு ரெண்டு பல்லை உடைச்சிருக்கு."

வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று வருடம் கழித்து மாப்பிள்ளையே கடைக்கு வந்தான். பூனை நடக்கிற மாதிரி நடப்பவன், மயிரிழைக் கம்பியைக்கூடக் கை நடுங்காமல் எடுத்து வைப்பவன். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். ஓட்டை இப்போது ஒரு கைப்பிடி அகலம் இருந்தது. "அத்தை, இதை மட்டும் அடைச்சுக் குடுத்துடுங்க. வெளியில தலைகாட்ட முடியல. இனிமே அவ மேல கை வைக்கவே மாட்டேன்."

தையல்காரி அவனைத் துணி வெட்டும் மேசையில் படுக்கவைத்தாள். காலருக்குள் வைக்கும் கெட்டிக் கன்வாஸை வெட்டி, தோல் நிறத்து நூலை இரட்டையாகக் கோத்து, குறுக்கும் நெடுக்கும் இழை பின்னினாள். மகளின் உயிருக்காகச் செய்த வேலை. அதனால் எப்போதையும்விட நெருக்கிப் பின்னினாள். முடித்ததும் வாயை வைத்து ஊதிப் பார்த்து, "காத்துகூட நுழையாது மாப்பிள்ளை" என்றாள் பெருமையாக.

நான்காம் நாள் மகளை அக்கம்பக்கத்தார் போர்வையில் தூக்கிவந்து கிடத்தினார்கள். கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. இடது கண் இல்லை. கடிகாரத் திருகாணிகளைக் கழற்றும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நோண்டியிருந்தான்.

"ஏம்மா அடைச்ச?" என்றாள் மகள். "அவருக்குக் கோபம் வந்தா அது வழியா விசில் அடிக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் பின்வாசல் வழியா ஓடிடுவேன். இந்தத் தடவை சத்தமே வரலையேம்மா."

பல் போனது அந்தச் சத்தத்தை அவள் படித்துக்கொள்வதற்கு முன்னால். அதற்குப் பிறகு அவளைக் காப்பாற்றிவந்தது அந்தக் காற்றுதான். தாய்க்கு இது தெரியாது. மகளும் சொன்னதில்லை, சொன்னால் அம்மா அழுவாள் என்று நினைத்தாள்.

தையல்காரி பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நட்டநடுப் பகலில் கடைத்தெருவைத் தாண்டிப் போனாள். அவன் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வேலையில் இருந்தான். நெஞ்சில் ஒட்டுப் போட்ட இடத்திலேயே குத்தினாள். கன்வாஸ் கிழிந்தது, கத்தரிக்கோல் பிடிவரை இறங்கி முதுகில் எட்டிப் பார்த்தது, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. ஒட்டுக்கு அடியில் ஓட்டை தோளிலிருந்து இடுப்புவரை வளர்ந்திருந்தது. நாலு குத்துக் குத்தினாள். கிணற்றுக்குள் குத்துவதுபோல இருந்தது.

"என்ன அத்தை, கை பழக்கம் விட்டுப்போச்சா?" என்று சிரித்துவிட்டு எழுந்து அவள் குரல்வளையைப் பிடித்தான்.

மூச்சு முட்டும்போதுதான், அங்கே குத்த எதுவுமே இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. முழுசாக மிஞ்சியிருந்தது கழுத்தும் முகமும்தான். கழுத்தில் இறக்கினாள். எல்லாருக்கும் வருகிற ரத்தம்தான் வந்தது, கண்ணாடி அலமாரியெங்கும் பீய்ச்சி அடித்தது. கல்யாணத்தன்று அவள் காலில் விழுந்தபோது கூப்பிட்ட அதே குரலில் "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டு அவன் சரிந்தான். அவனிடம் மிச்சமிருந்த நல்லது அந்தக் கழுத்தில்தான் இருந்தது. அவளால் கொல்ல முடிந்தது அதை மட்டும்தான். ரத்தம் காய்வதற்குள் அவள் வயிற்றில் ஜன்னல் அளவுக்கு ஓட்டை திறந்தது. பிரசங்கியார் பிணத்துக்குள் இடுக்கியை விட்டு வெகுநேரம் துழாவினார், கையில் ஒன்றும் சிக்கவில்லை.

ஒன்பது வருடம் சிறையில் சீருடை தைத்துவிட்டு அவள் திரும்பினாள். தன் வயிற்றுக்கு அவள் ஒட்டுப் போடவில்லை. போட்டுக்கொள்ளும் சட்டைகளிலும் அந்த இடத்தை வெட்டி ஓரம் மடித்துத் தைத்தாள். இப்போது கடை மகளுடையது. தாய் வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள். மகள் அவளுக்குப் பின்னால் மிஷினில் உட்கார்ந்து, இருக்கிற ஒற்றைக் கண்ணால், தாயின் வயிற்று வழியாகத் தெருவைப் பார்த்துக்கொள்கிறாள்.

"கொஞ்சம் இடது பக்கம் நகரும்மா, யாரோ வர்றாங்க."

தாய் நகர்ந்து உட்காருகிறாள்.