கவர் பிரிக்காத மெத்தை

பங்காருபேட்டைக் கடையிலிருந்து மினி வேனில் மெத்தை வந்து இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. இரண்டு ஆட்கள் அதை நிமிர்த்தியும் சாய்த்தும் வாசலில் நுழைக்கப் பார்த்தார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசல் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் இருக்கும். மெத்தையை யார் நினைத்துப் பார்த்தார்கள்? ஊரிகம் தெருவே வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர் ரவிகுமார் மட்டும் அசையவில்லை. நடு அறையில் தன் பலகையின் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெத்தை அவர் தலைக்கு மேலே வளைந்து போய் உள்ளறைக் கட்டிலில் விழுந்தது.

பலகை என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் அது ஒரு கதவு. பக்கத்துக் கோரமண்டல் சுரங்க லைனில் மாமனார் குடியிருந்த வீட்டின் பழைய கதவு. தாழ்ப்பாளைக் கழற்றிய ஓட்டை இன்னும் இருக்கிறது. பதினொரு வருடத்துக்கு முன்னால், பேக்டரி வேலையில் இருந்தபோது, ஒரு இரும்பைத் தூக்கப்போய் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கெட்டியான பலகையில் படுக்கச் சொன்னார் டாக்டர். அன்றைக்குக் கதவோடு நடு அறைக்குப் போன மனுஷன் திரும்பி வரவேயில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும், 'கெட்டியா படுத்தாத்தான் முதுகு நிக்கும்' என்பார்கள். சுரங்கத்தில் அடிபட்டவர்களைப் பலகையில் கிடத்திப் பார்த்த ஊர் இது. மெத்தை என்றால் சோம்பேறிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்தான் என்று ஒரு நினைப்பு. நானும் அதை நம்பித்தான் இலவம்பஞ்சு மெத்தையில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பஞ்சு மெத்தையைப் பார்த்தாலே என் கதை தெரிந்துவிடும். சுவரோரம் நான் படுக்கிற பக்கம் குழி விழுந்து நார்நாராகக் கிடக்கும். அவர் பக்கம், இடுப்பு பிடிப்பதற்கு முந்தின மாதம் பஞ்சடித்துத் தைத்தது, அப்படியே மேடாக இருக்கும். தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டால் குழி விழாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். திருப்பினால் நான் அவர் பக்கத்தின் மேல் படுக்க வேண்டிவரும். அது அவர் இடம். அதை அமுக்க எனக்கு மனசு வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அவர் பக்கத்தில் படுக்க வேண்டும். இருமினால் கேட்கிற தூரத்தில் இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

போன மாதம் மூட்டுவலிக்குப் பிசியோதெரபி செய்துகொள்ளப் போன இடத்தில், சிகிச்சை கொடுக்கிற ஐடா என்கிற பெண்ணிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். அவள் என் முட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பதினொரு வருஷமா? ஆன்ட்டி, அடிபட்ட புதுசுல ஆறு வாரம் சொல்லியிருப்பாங்க. கல்லு மாதிரியும் வேணாம், குழிஞ்சி போறதும் வேணாம். நடுத்தரமா ஒரு மெத்தை போதும். அங்கிள உள்ள கூப்புடுங்க."

திரும்பி வரும்போது முட்டி வலிக்கவே இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள் நேத்ராவுக்கு அன்றைக்கே போன் போட்டுப் புது மெத்தை கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, பழசு குழி விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

வேன் போன பிறகு அவர் எழுந்து வந்து, முஷ்டியால் மெத்தையை ஒரு குத்து விட்டார்.

"இன்னா இது, பன்னு மாதிரி கீது?"

நான் பிளாஸ்டிக் கவரை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"கவர பிரிக்காத. ஆடிக் காத்து. சயனைட் மண்ணு பூரா உள்ள எறங்கிடும்."

எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. காற்றடித்தால், சயனைடில் தங்கத்தைப் பிரித்துவிட்டுச் சுரங்கக்காரர்கள் கொட்டிப்போன மண்மேடுகள் வீட்டுக்குள் வந்துவிடும் என்று சோபா, டிவி ரிமோட், கல்யாண ஆல்பம் எதற்கும் கவர் பிரிக்க மாட்டோம். நேத்ரா காலையிலேயே எச்சரித்திருந்தாள்: 'கவரோட போட்டா வேர்வை உள்ளயே நின்னு பூஞ்ச புடிக்கும்மா. அப்புறம் பஞ்சு மெத்தைய காய வெக்கிற மாதிரி இத மாடில வெயில்ல போடாத, கெட்டுடும்.' இருந்தும் கத்தரிக்கோலை ஜன்னலில் வைத்துவிட்டேன். இன்றைக்கு இவர் எது சொன்னாலும் கேட்பதாக இருந்தேன்.

"ஒரு தரம் படுத்துப் பாருங்க."

"வேணாம்."

"முதுகுக்கு ஒண்ணும் ஆவாது. பலகையெல்லாம் ஆறு வாரம்தானாம். ஐடா சொல்லுது."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அப்பவே டாக்டர் சொன்னாரு. ஆறு வாரம் படு, அப்பால கட்டிலுக்குப் போயிடுன்னு."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கவரின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தார்.

"நீ நாலு மணிக்கு எந்திரிச்சி ரயிலுக்கு ஓடுவ. நான் வலில பொரண்டுக்கினே இருப்பேன். ஒரு நாளு சொன்ன, உங்களால என் தூக்கமே போச்சுன்னு."

சொல்லியிருப்பேன். பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போய்வந்த காலம் அது. ஊரிகத்தில் ஏறினால் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கியிருக்கிறேன். அந்த நாள் எது, அந்த ராத்திரி எது என்று எவ்வளவு தேடியும் ஞாபகம் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நான் மறந்து போனேன். இவர் அதன் மேல் பதினொரு வருடம் படுத்திருக்கிறார். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"நான் வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சேங்க."

"நீ கூப்புடலயே, மமதா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்து படுத்தேன். "வாங்க" என்றேன். அவ்வளவுதான், இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெத்தையின் அந்தக் கடைசி விளிம்பில் படுத்தார். கதவில் படுக்கிற மாதிரியே, கையிரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, விறைப்பாக. எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் படுக்கலாம்.

ஒருத்தர் புரண்டால் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியவே தெரியாது என்று கடைக்காரர் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்போது நானும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

"பொரளுங்க" என்றேன்.

அவர் புரண்டார். மெத்தை என் பக்கம் அசையவே இல்லை. கவர் மட்டும் சரசரவென்று சத்தம் போட்டது.

"முழிப்பு வந்துச்சா?" என்று கேட்டார், பட்டப்பகலில்.

"வந்துச்சு. இன்னொரு தரம்."

வெளியே காற்று எழும்பி ஜன்னல் கதவை அடித்தது. கத்தரிக்கோலின் மேல் அதற்குள் மெல்லியதாக வெள்ளைத் தூசி படிந்திருந்தது. கவர் மறுபடி சரசரத்தது. இந்த முறை எனக்குக் கொஞ்சம் கிட்டத்தில்.